முஸாபிரின் பசி

ஒன்பதாம் தரப் பிள்ளைகளுக்குப் புவியியல் பாடத்தில் இடைவெப்பப் புல்வெளிகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். மொங்கோலியாவில் பயிர் செய்யக்கூடிய நிலம் மிகக் குறைவு, ஆடும் குதிரையும்தான் அந்த மக்களின் சொத்து, தேநீருக்குக்கூட உப்புப் போட்டுத்தான் குடிப்பார்கள் என்று சொன்னபோது பிள்ளைகள் முகத்தைச் சுளித்தார்கள். பின்வாங்கிலிருந்து ஒரு பையன் எழும்பினான்.

“சேர், நீங்கள் அங்க போனா எந்தக் கடையில சாப்பிடுவீங்கள்?”

வகுப்பே சிரித்தது. சிரிப்புக்குக் காரணம் எனக்குத் தெரியும். விளையாட்டுப் போட்டி, ஆசிரியர் தினம், பிரியாவிடை என்று பள்ளிக்கூடத்தில் எது நடந்தாலும் சோற்றுப் பார்சல்கள் வந்திறங்கும்போது, “சேருக்குச் சைவம் எங்க?” என்று ஒரு பிள்ளை தேடிக்கொண்டு ஓடும். உருத்திரபுரத்தில் வெள்ளிக்கிழமை மட்டும் மச்சம் சாப்பிடாத வீடுகள் பல. திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாளும் சைவம் சாப்பிடுகிற ஒரே ஆள் சோனகனாகிய நான்தான். “சேர் ஐயர் ஆக்கள் மாதிரியோ?” என்று ஆறாம் தரத்துச் சிறுமி ஒருத்தி ஒருமுறை கேட்டிருக்கிறாள்.

பையனுக்குப் பதில் சொன்னேன். உலான்பாதர் நகரத்துச் சாப்பாட்டுக் கடைகளில் மா உருண்டைக்குள் ஆட்டிறைச்சியை வைத்து ஆவியில் அவித்துத் தருவார்கள், பார்ப்பதற்கு எங்கள் கொழுக்கட்டை மாதிரி இருக்கும், அதைச் சாப்பிட எனக்குத் தயக்கம் வரும். ஆனால் அதே நாட்டின் மேற்குக் கோடியில் பயான்-உல்கீ என்றொரு மாகாணம் இருக்கிறது. அங்கே பெரும்பான்மையோர் கசாக் முஸ்லிம்கள். அங்கே போனால் எனக்குக் கவலையில்லை, குதிரை இறைச்சிகூடச் சாப்பிடலாம் என்றேன். “குதிரையோ!” என்று முன்வரிசை அலறியது. ரஸூலுல்லாஹ்வின் காலத்தில் மதீனாவில் குதிரையை அறுத்துச் சாப்பிட்டதாக அஸ்மா (ரலி) அவர்களின் அறிவிப்பு இருப்பதையும், எங்கள் ஷாபிஈ மத்ஹபில் அது ஆகுமானதே என்பதையும், ஹனபிகள் அதை விரும்புவதில்லை என்பதையும் அந்தப் பிள்ளைகளுக்கு விளக்கப் போனால் மணியடித்துவிடும். சிரித்துவிட்டு விட்டேன்.

பையன் உட்காரவில்லை. “அப்ப சேருக்கு மொங்கோலியாவில பிரச்சினையில்லை, கிளிநொச்சியிலதான் பிரச்சினை” என்றான்.

அவன் சொன்னதைப் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் மார்க்கத்தில் முஸாபிருக்குச் சலுகைகள் உண்டு. நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கித் தொழலாம், நோன்பைப் பிற்போடலாம். ஆனால் வந்த நாளையும் போகும் நாளையும் விட்டு நான்கு நாள் ஓர் ஊரில் தங்குவதாக நிய்யத் வைத்துவிட்டால் ஷாபிஈகளுக்கு அந்தச் சலுகை முடிந்தது. அவன் அந்த ஊர்க்காரனைப் போலவே முழுமையாகத் தொழ வேண்டும். இந்தக் கணக்கின்படி 2011 தை மாதம் உருத்திரபுரத்துக்கு வந்திறங்கிய நாளிலேயே நான் முஸாபிர் அல்ல. சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் அதன்பின் பல வருடம் நான் முஸாபிராகவே இருந்தேன்.

வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. யாழ்தேவி கிளிநொச்சி வரை மீண்டும் ஓடத் தொடங்கியது 2013 செப்ரெம்பர் 14 இல்தான். ஆகவே வவுனியாவிலிருந்து பஸ்ஸில் வந்தேன். ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி. முறிகண்டிப் பிள்ளையார் கோவிலடியில் எல்லா வாகனமும் நிற்கும்; சாரதி இறங்கித் தேங்காய் உடைப்பார், சில்லறை போடுவார், பயணிகள் கச்சான் வாங்குவார்கள். அந்தக் கச்சானுக்குப் பெயர் இருக்கிறது. மணலில் வறுத்த கச்சானில் ஹலாலா ஹராமா என்ற கேள்வியே வராது. வன்னிக்குள் நான் காசு கொடுத்து வாங்கிச் சாப்பிட்ட முதல் பொருள் அதுதான்.

கிளிநொச்சியில் இறங்கியபோது பகல் பதினொரு மணி. வீதியோரத்தில் தகர்ந்து சாய்ந்து கிடந்தது பெரிய நீர்த்தாங்கி. ஏ9 நெடுகிலும் இராணுவத்தினர் நடத்திய தேநீர்ச்சாலைகள். ஊர்ச்சனம் தகரக் கொட்டில்களில் போட்ட கடைகள். பசி. ஒரு கொத்துரொட்டிக் கடைக்குள் நுழைந்து, கோழி எங்கே அறுத்தது என்று கேட்டேன். “கோழிக்கடையில” என்றார் முதலாளி. கேள்வி அவருக்கு விளங்கவில்லை. விளக்கிச் சொல்ல எனக்கும் கூச்சம். “முட்டைக் கொத்துப் போடுங்கோ” என்றேன். போடப் போனவர் நின்று, என் தாடியைப் பார்த்தார். “தம்பி, நீங்கள் முஸ்லிம் ஆளோ? அப்ப வேண்டாம். காலமை இந்தத் தட்டிலதான் பண்டி வறுத்தது” என்றார். அந்த மனிதருக்கு இன்றைக்கும் துஆச் செய்கிறேன். சொல்லாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது; அவருக்கும் காசு கிடைத்திருக்கும். வன்னியில் காட்டுப்பன்றி இறைச்சி சாதாரணம். இறைச்சியைத் தவிர்ப்பது லேசு. தட்டையும் கத்தியையும் எண்ணெயையும் எப்படித் தவிர்ப்பது என்பதுதான் எங்களைப் போன்றவர்களின் சிக்கல். அன்று பகல் எனக்கு இரண்டு வாழைப்பழமும் பிளேன்ரீயும்.

அடுத்த வாரம்தான் சைவக் கடையைக் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தேன் என்று சொல்வது வேடிக்கையாக இருக்கலாம். அது பஸ் நிலையத்துக்குக் கூப்பிடு தூரத்தில் எல்லோரும் காண இருந்தது. ஆனால் வாசலில் மாவிலை, உள்ளே நுழைந்ததும் பிள்ளையார் படம், ஊதுபத்தி, காசுமேசையில் நெற்றி நிறைய விபூதியோடு ஐயா. அது எனக்குரிய இடமாக என் கண்ணுக்குப் படவேயில்லை. பள்ளிவாசலில் ஜும்ஆவுக்குப் பின் சந்தித்த லொறிச் சாரதி காக்கா ஒருவர்தான் சொன்னார். “சேர், இந்தப் பாதையில முப்பது வருஷமாப் போறன் வாறன். முஸ்லிம் கடை இல்லாத இடத்தில சைவக் கடைதான் எங்கட கடை. இலையில போடுவான், இறைச்சி மணமே இல்லை. பிஸ்மிய மனசுக்குள்ள சொல்லிப்போட்டுத் தின்னுங்க.”

வாழையிலையில் சோறு, பருப்பு, பூசணிக்காய், கீரை, அப்பளம், மோர்மிளகாய். பிள்ளையார் படத்தின் கீழே உட்கார்ந்து மெதுவாகப் பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்கினேன். யாழ்ப்பாணத்தில் மலாயன் கபேக்குப் போய் வந்தவர்கள் இலைச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அன்றுதான் முதல்முறை நானே உட்கார்ந்து சாப்பிட்டேன். இரண்டு மாதத்தில் அந்த ஐயாவுக்கு என்னைத் தெரிந்துவிட்டது. “மாஸ்டர் வந்திட்டார், மூலை மேசையில போடு” என்பார். மூலை மேசை பிள்ளையார் படத்திலிருந்து தூரத்தில் இருந்தது. அவர் வேண்டுமென்றே செய்தாரா, தற்செயலா என்று நான் கேட்கவில்லை.

ஒரு விஷயம் மட்டும் நானே அவரிடம் கேட்க வேண்டியிருந்தது. நவராத்திரி நாட்களில் கடைக்கு வருகிற எல்லோருக்கும் கடலை கொடுப்பார்கள். படைத்த உணவு எங்களுக்கு ஆகாது. வேண்டாம் என்று சொன்னால் மனம் நோகும். வாங்கி மேசையில் வைத்துவிட்டுப் போனால் அது இன்னும் மோசம். தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். ஐயா ஒன்றும் பேசாமல் கேட்டார். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. மறுநாள் ஒரு கிண்ணத்தை என் முன்னால் வைத்து, “மாஸ்டர், இது படைக்க முதல் எடுத்து வச்சது” என்றார். அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் பொங்கல் பொங்கும்போதும் இதே வழக்கமாகிவிட்டது. பானையிலிருந்து முதல் அகப்பை எனக்கு ஒரு கோப்பையில் போகும், பிறகுதான் படையல். சாமிக்கு முன்னால் சேருக்கு என்று பிள்ளைகள் பகிடி பண்ணுவார்கள். என் பங்குக்கு நானும் ஒன்றைக் கடைப்பிடித்தேன். வெள்ளி இரவு வீட்டுக்குப் போய்த் திங்கள் காலை திரும்பும்போது என் சாப்பாட்டுப் பெட்டியில் ஒருநாளும் மாட்டிறைச்சி இருந்ததில்லை. அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சிக்கு இருந்த இரண்டு வருடமும் கூட இருந்தவர்கள் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். அங்கே சாப்பாட்டுக் கடையில் கேள்வி கேட்டு நிற்க வேண்டிய தேவை யாருக்கும் இருந்ததில்லை.

இப்னு பதூதாவின் பயணநூலை நான் முழுமையாக வாசித்தது கலாசாலை நூலகத்தில்தான். அந்த மனிதர் மொங்கோலியருக்கு அந்நியரல்லர். 1330களில் செங்கிஸ்கானின் வம்சத்தவரான உஸ்பெக் கானின் கூடாரப் பட்டணத்தில் இருந்து, குதிரைப்பாலில் செய்த கிமிஸையும் குதிரை இறைச்சியையும் கண்டவர். அந்தக் கான் முஸ்லிம். ஆகவே பையன் சொன்னதுபோல அங்கே அவருக்குப் பெரிய பிரச்சினை இருக்கவில்லை. பிரச்சினை மலபாரில் வந்தது. அந்தக் கரையோரத்து வீடுகளுக்குள் முஸ்லிம்களை விடுவதில்லை, தங்கள் பாத்திரத்தில் சாப்பாடு கொடுப்பதில்லை, கொடுத்தால் இலையில்தான். வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல்கள் இருந்தன. ஏனையோருக்குப் பாத்திரத்தில் கொடுத்த தண்ணீரை முஸ்லிமுக்குக் கையில் வார்த்தார்கள். ஒவ்வொரு தரிப்பிடத்திலும் முஸ்லிம் வீடுகள் இருந்தபடியால்தான் அந்த வழியே ஒரு முஸ்லிம் பயணம் செய்ய முடிந்தது என்று அவர் எழுதியிருக்கிறார். பிறகு 1344 இல் இலங்கைக்கு வந்து, புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து, பாவாத மலைக்கு ஏறியபோது, இங்குள்ளவர்கள் முஸ்லிம் பக்கீர்களை வீட்டுக்குள் எடுத்துத் தங்கள் பெண்டுபிள்ளைகளின் நடுவே உட்கார்த்திச் சாப்பாடு கொடுத்ததைக் கண்டு வியந்திருக்கிறார்.

கையில் வார்த்த தண்ணீர் என்ற இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். ஏன் என்று சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் முல்லைத்தீவு மாவட்டத்தில் தண்ணீரூற்று. ஊற்றை வைத்துத்தான் ஊருக்குப் பெயர். 1990 ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது எனக்கு ஒன்பது வயது. வட மாகாணம் முழுவதிலுமாக 70,000க்கு மேற்பட்டோர். அந்தக் கதையை இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இங்கே எழுதுகிறவர்களில் பலர் அதைச் சுமந்து வந்தவர்கள்தான். நான் சொல்ல வருவது ஒரு சின்ன விஷயம். நெடுங்கேணிப் பக்கமாக நாங்கள் நடந்து வந்துகொண்டிருந்தோம். வாப்பாவின் தோளில் தங்கச்சி. உம்மாவின் கையில் ஒரு சோற்றுப் பொட்டலம். அது காலையிலேயே முடிந்துவிட்டது. வெயில். வீதியோரத்து வீடொன்றின் படலையில் உம்மா தண்ணீர் கேட்டார். ஒரு பெண் செம்போடு வந்தாள். வீதியின் இரண்டு பக்கத்தையும் பார்த்தாள். செம்பைக் கொடுக்கவில்லை. உம்மாவின் கையைக் குவிக்கச் சொல்லி வார்த்தாள், பிறகு எனக்கு வார்த்தாள். முழங்கை வழியாகத் தண்ணீர் வடிந்து என் சட்டை நனைந்தது. ஒரு சொல் பேசவில்லை. திரும்பிப் போய்விட்டாள்.

புத்தளத்து ஓலைக் கொட்டிலில் வளர்ந்த காலம் முழுவதும் உம்மா இந்தத் தண்ணீரைப் பற்றிச் சொல்லிக்கொண்டேயிருந்தார். விட்டு வந்த வளவைப் பற்றியோ, பறிகொடுத்த காதணியைப் பற்றியோ அவ்வளவு சொன்னதில்லை. “ஒரு செம்பத் தந்திருந்தா அவட கை அழுகியா போயிருக்கும்? நான் தொட்டா அது தீட்டா?” என்பார். பக்கத்துக் கொட்டிலில் இருந்த மூத்தம்மா ஒருவர், “தண்ணி தந்தாளே, அதை நினை” என்று சொல்லிப் பார்த்தார். உம்மா ஏற்கவில்லை.

2002 இல் ஏ9 பாதை திறந்தபோது வளவைப் பார்த்துவரச் சாச்சா போனார். அந்த நாட்களில் பாதையால் போய் வந்தவர்களெல்லாம் கிளிநொச்சிப் பாண்டியன் சுவையூற்றைப் பற்றிப் பேசினார்கள். அதை நடத்தியவர்கள் புலிகள். சாச்சா அங்கே ஒரு தேநீர் மட்டும் குடித்துவிட்டு வந்தார். “துரத்தினவன்ட தேத்தண்ணி எப்படி?” என்று வாப்பா கேட்க, “நல்ல சாயம்” என்றார் சாச்சா. இருவரும் வெகுநேரம் சிரித்தார்கள். உம்மா சிரிக்கவில்லை.

போர் முடிந்து, குடும்பம் வளவுக்குப் போய்வரத் தொடங்கிய பிறகும் உம்மா ஒரு வழக்கத்தைக் கைவிடவில்லை. புத்தளத்திலிருந்து இடியப்பமும் சம்பலும் பொதி செய்து கொண்டு வருவார். வவுனியாவில் பள்ளிவாசலடிக் கடைகளில் தேநீர் குடிப்பார். வவுனியா தாண்டினால் வாயில் எதுவும் படாது, கச்சான்கூட. ஹலால் பயம் என்று நாங்கள் வெளியே சொல்லிக்கொள்வோம். அது ஹலால் பயமல்ல என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. சாப்பாட்டுக் கடைக்குள் பயம் இரண்டு பக்கமும் இருக்கிறது. 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறையில் முஸ்லிம் கடையொன்றில் சாப்பாட்டில் மலட்டுத்தன்மை மாத்திரை கலந்ததாகக் கிளப்பிவிட்டு, கடையையும் பள்ளிவாசலையும் அடித்து நொறுக்கினார்கள். அரசாங்கப் பகுப்பாய்வாளர் சோதித்துப் பார்த்தபோது அது வெறும் மாக்கட்டி. 2013 இல் ஹலால் இலச்சினைக்கு எதிராக நடந்த ஆர்ப்பாட்டங்களின்போதே எங்கள் சாப்பாட்டுச் சொல் ஒன்று கெட்ட வார்த்தையாக்கப்பட்டிருந்தது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுக் குண்டுகளுக்குப் பிறகு, நாட்டின் பல இடங்களில் முஸ்லிம் கடைகளில் சனம் சாப்பிட வருவது நின்றது. விடுமுறை முடிந்து நான் கிளிநொச்சிக்கு வந்த முதல் நாள், சைவக் கடை வாசலில் நின்று உள்ளே போவதா வேண்டாமா என்று யோசித்தேன். உள்ளே போனேன். பக்கத்து மேசையில் இருந்தவர் தன் இலையை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனார். ஐயா அதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. வழக்கமாகப் பரிமாறுகிற பையனை நிறுத்திவிட்டு, தானே எழும்பி வந்து எனக்குச் சோறு போட்டார். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் இலையில் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தேன்.

இப்பொழுது ஏ9 வழியே வருகிற வாசகர்களுக்கு என் காலத்துக் கஷ்டமில்லை. வட மாகாண விவசாயத் திணைக்களம் தொடக்கிவைத்த ‘அம்மாச்சி’ உணவகங்களில் முழுக்கப் பெண்களே நின்று கண்முன்னால் சுட்டுத் தருகிறார்கள். எல்லாம் மரக்கறி. குரக்கன் ரொட்டி, தோசை, அப்பம், இலைக்கஞ்சி. கிளிநொச்சியிலும் இருக்கிறது, வவுனியாவிலும் இருக்கிறது. குழந்தைகளோடு வருபவர்கள் தைரியமாகப் போகலாம்; நேரத்தோடு போக வேண்டும், மத்தியானம் தாண்டினால் நல்லது முடிந்துவிடும். இலைக்கஞ்சியை நான் சிபாரிசு செய்கிறேன். இறைச்சி வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பள்ளிவாசலுக்குப் போய், தொழுகை முடிந்து வெளியே நிற்கும் லொறிக்காரர்களையும் புடைவை வியாபாரிகளையும் விசாரியுங்கள். எந்தக் கடைக்குக் கோழி எங்கிருந்து வருகிறது என்பது அவர்களுக்குத் தெரியும். பூநகரி வழியாக மன்னார் போகிறவர்கள் நாச்சிக்குடாவில் எங்கள் ஆட்கள் இருப்பதை மறக்க வேண்டாம். மீனுக்கு அங்கே குறைவில்லை.

இதெல்லாம் கடைச் சாப்பாடு. வீட்டுச் சாப்பாடு எனக்கு உருத்திரபுரத்தில் கிடைத்தது வந்து ஏழெட்டு மாதத்துக்குப் பிறகு. கணிதம் படிப்பிக்கிற சக ஆசிரியர் ஒருவரின் வீடு பத்தாம் வாய்க்கால் பக்கம். ஒருநாள் பாடசாலை விட்டதும், “அம்மா உங்களைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னவ” என்று சைக்கிளைத் திருப்பினார். நான் சாக்குச் சொல்லிப் பார்த்தேன். போனால் வாசலிலேயே அவருடைய அம்மா நின்றிருந்தார். கையில் விலை ஒட்டிய கடதாசி உரிக்காத புது அலுமினியச் சட்டி.

“தம்பி, இதில இதுவரைக்கும் ஒண்டும் காய்ச்சேல்ல. நீங்கள் பாத்துக்கொண்டிருக்கவே கழுவிக் காய்ச்சிறன். கத்தியும் புதுசு. எங்கட வீட்டில பண்டி காய்ச்சுறனாங்கள், நான் பொய் சொல்ல மாட்டன்” என்றார்.

இரணைமடுக் குளத்து விரால். மீனை அறுக்கத் தேவையில்லை என்பதை யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். புளிக்குழம்பு, மொட்டைக்கறுப்பன் அரிசிச் சோறு, முருங்கையிலை வறை. எனக்குப் பேச்சு வரவில்லை. வேதக்காரரின் பாத்திரங்களில் சாப்பிடலாமா என்று அபூ தஃலபா அல்குஷனீ (ரலி) அவர்கள் கேட்டபோது, வேறு பாத்திரம் கிடைக்காவிட்டால் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்ன ஹதீஸைப் பிறகு ஒரு மௌலவி எனக்கு எடுத்துக் காட்டினார். கழுவினாலே போதுமாயிருந்திருக்கும். அந்த அம்மாவுக்கு ஹதீஸ் தெரியாது. தன் கைக்காசில் சட்டி வாங்கியிருந்தார். அந்தச் சட்டி அந்த வீட்டில் இன்றும் தனியாகக் கொளுவியிருக்கிறது. அதன் பெயர் ‘மாஸ்டரின்ர சட்டி.’

அந்த அம்மாவிடம்தான் ஒருநாள் 1990 இன் தண்ணீர்க் கதையைச் சொன்னேன். சொல்ல வேண்டுமென்று நினைத்துச் சொல்லவில்லை. அவர் 2009 ஐப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து கிழக்கே போய்க்கொண்டேயிருந்தது, கஞ்சிக்கு வரிசையில் நின்றது, கடைசியில் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம். “முகாமில எறிஞ்ச பார்சலைப் பிடிச்சுத் திண்டனான் தம்பி. சைவமோ மச்சமோ, ஆர் காய்ச்சினதோ, ஒண்டும் பாக்கேல்ல” என்றார். அப்போது என் வாயிலிருந்து உம்மாவின் கதை வந்துவிட்டது.

அவர் கொஞ்ச நேரம் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

“உங்கட அம்மா நினைச்ச மாதிரியும் இருக்கலாம். எங்கட சனத்தில அப்பிடியான ஆக்கள் இருக்கினம், உங்களுக்கு மட்டுமில்லை, எங்களுக்குள்ளயே செம்பு குடாத ஆக்கள் இருக்கினம். இல்லாட்டி அவளிட்ட ஒரு செம்புதான் இருந்திருக்கும், பின்னால எத்தினை பேர் வந்துகொண்டு இருந்தவை எண்டு பாத்திருப்பாள். இல்லாட்டிப் பயந்திருப்பாள். ரெண்டு பக்கமும் பாத்தாள் எண்டு சொல்லுறீங்கள் எல்லே. உங்கட கையில செம்பைத் தந்து நீங்கள் இருந்து குடிக்கிறதை ஆராவது கண்டா அவளுக்கு என்ன நடக்கும் எண்டு அவளுக்குத்தான் தெரியும்.” புடைப்பதை நிறுத்தினார். “எது எண்டு நான் எப்பிடிச் சொல்ல? ஆனா தம்பி, அண்டைக்கு நாங்கள் எல்லாரும் வீட்டுக்குள்ள இருந்தனாங்கள்தானே.”

இதை உம்மாவிடம் சொன்னேன். உம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அவ எத்தினை பிள்ளை பெத்தவ?” என்று மட்டும் கேட்டார். மூன்று, அதில் ஒருவர் 2009 இல் மௌத்து என்றேன். உம்மா “இன்னாலில்லாஹ்” என்றார். அதற்கு மேல் ஒரு வருடம் அந்தப் பேச்சு எடுபடவில்லை.

2022 இல் வாப்பா வபாத்தான பின் வளவுப் பத்திர விஷயமாக உம்மா முல்லைத்தீவுக் கச்சேரிக்கு வந்தார். வேலை முடிந்ததும், மகன் இருக்கிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். கூட்டிக்கொண்டு வந்தேன். கிளிநொச்சியில் இறங்கியபோது மத்தியானம். நகரத்தில் முஸ்லிம் சாப்பாட்டுக் கடைக்குப் போவோம் என்றேன், எல்லாம் ஹலால்தான், நானே விசாரித்த இடம். உம்மா பையைத் தொட்டுக் காட்டினார். இடியப்பம் இருக்கிறது. சரி, கரடிப்போக்குச் சந்தியில் ஓட்டோ பிடித்து உருத்திரபுரம் வந்தோம். வழியில் வயல்கள் கதிர் தள்ளியிருந்தன. உம்மா வாய்க்காலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

சக ஆசிரியரின் வீட்டுக்கு நான் முன்கூட்டிச் சொல்லவில்லை. படலையில் ஓட்டோ நின்ற சத்தம் கேட்டு அந்த அம்மா வெளியே வந்தார். உம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். யாரென்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. “வாங்கோ, வெயிலுக்க வந்திருக்கிறியள், இருங்கோ” என்று விறாந்தையில் கதிரையை இழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனார். வரும்போது கையில் செம்பு. பித்தளைச் செம்பு, புளி போட்டு மினுக்கியது. அதை உம்மாவின் கையில் கொடுத்தார்.

எங்கள் வீடுகளில் தண்ணீர் குடிப்பது உட்கார்ந்து, வாய் வைத்து, மூன்று மிடறாக. அவர்கள் வீடுகளில் அண்ணாந்து, வாய் படாமல். உம்மாவுக்கு இது தெரியாததல்ல. தண்ணீரூற்றில் அயல் வீடுகளோடு புழங்கி வளர்ந்தவர். செம்பை இரண்டு கையாலும் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு சற்று நேரம் இருந்தார். பிறகு பிஸ்மில்லாஹ் என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லி, வாய் வைத்துக் குடித்தார். மூன்று மிடறு. செம்பைத் திருப்பிக் கொடுத்தார்.

அந்த அம்மா செம்பை வாங்கி, மிச்சத் தண்ணீரோடு அப்படியே குடத்து நீரில் மேலும் நிறைத்து, உம்மாவின் கதிரைக்குப் பக்கத்தில் வைத்தார். “தம்பியின்ர சட்டி இருக்கு, அரை மணித்தியாலத்தில சோறு காய்ச்சிப்போடுவன்” என்றார் என்னைப் பார்த்து.

உம்மா தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டார். இடியப்பப் பையைக் கதிரைக்குக் கீழே தள்ளினார்.

“என்ன மீன்?” என்று கேட்டார்.